மாஃபெக்கிங்: ஓர் ஊர்ப்பெயர் வினைச்சொல்லான வரலாறு

சொற்பொருளின் காரணம் பார்த்த அளவில் புலப்படாது என்பது உரியியலில் தொல்காப்பியர் கூறும் கருத்து. எல்லா மொழிக்கும் பொருந்தும் இவ் வுண்மைக்கு ஆங்கிலத்தில் வழங்கி இன்று பெரிதும் மறைந்துபோன ஒரு சொல்லை ஈண்டுச் சான்றாக எடுத்துக்கொள்கின்றோம். அச் சொல் ‘மாஃபிக்’ என்பது. தெருவில் திரண்டு, கூவியும் பாடியும் குதித்தும், அளவிறந்து ஆரவாரம் செய்தல் என்பது அதன் பொருள். சிறப்பாக, நாட்டின் வெற்றியொன்றைக் கேட்டு மக்கள் தம்மை மறந்து ஆடும் ஆட்டத்தையே அது குறித்தது. கொச்சை வழக்காகத் தோன்றி, செய்தித்தாள்களில் பரவி, அகராதியில் இடம்பெற்று, பின்னர் அகராதியளவில் நின்றுவிட்ட சொல் இது.

இத்தகைய சிறு சொல்லொன்றை ஆராய்வதனால் பெறும் பயன் யாது என்று கேட்கலாம். இதன் பிறந்த நாளை ஏறக்குறைய நாள் திட்டமாகச் சொல்ல முடிகின்றது. பிறந்த முறையை இலக்கண நெறியால் விளக்க முடிகின்றது. மறைந்ததன் காரணத்தையும் ஒருவாறு உணர முடிகின்றது. பிறப்பு, வாழ்வு, மறைவு ஆகிய மூன்றும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும் சொற்கள் எம் மொழியிலும் சிலவே. மேலும், அகராதி இச் சொல்லைப் பற்றிக் கூறும் செய்தியைவிடக் கூறாது விடுத்த செய்தி பெரிது. அதனையும் இறுதியில் நோக்குவோம்.

1. சொல் பிறந்த சூழல்

1899 அக்டோபர் 11இல் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர் எனப்படும் டச்சு வழியினருக்கும் போர் மூண்டது. 1902 மே 31 வரை நிகழ்ந்த இப் போரின் தொடக்கத்தில், நேட்டால் போர்முனையில் காந்தியடிகள் ஏறத்தாழ 1,100 இந்தியர் கொண்ட மருத்துவ உதவிப் படையொன்றை நடத்தியமை நம் நாட்டார் அறிந்ததே. அதே காலத்தில், போர்முனையின் மற்றொரு கோடியில், கேப் குடியேற்றத்தின் வடவெல்லையை அடுத்திருந்த மாஃபெக்கிங் என்னும் சிற்றூரைப் போயர்கள் 1899 அக்டோபர் 13 முதல் முற்றுகையிட்டிருந்தனர். ஊரைக் காத்து நின்ற படைத்தலைவர் பேடன்-பவல். பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் இவரே.

போரின் முதற் பகுதி ஆங்கிலேயருக்கு இழிவையே தந்தது. 1899 டிசம்பரில் ஒரே வாரத்துள் ஸ்டார்ம்பர்க், மாகர்ஸ்பாண்டைன், கொலென்சோ ஆகிய மூன்று இடங்களில் அவர்கள் தோல்வியுற்றனர். அவ் வாரத்தை அவர்களே ‘கரிய வாரம்’ என்றனர். 1900 பிப்ரவரியில் கிம்பர்லியும் லேடிஸ்மித்தும் மீட்கப்பட்டன. எஞ்சி நின்ற மாஃபெக்கிங் என்ன ஆகுமோ என்னும் கவலை நாளுக்குநாள் வளர்ந்தது. படைநோக்கில் அவ்வூருக்கு இருந்த மதிப்பைவிட, மக்கள் மனத்தில் அது பெற்ற மதிப்பு பன்மடங்கு பெரிது. 217 நாள் கழிந்து, மே 17ஆம் நாள் முற்றுகை நீங்கியது.

அச் செய்தி 1900 மே 18, வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பின் இலண்டனை எட்டியது. நகரத் தலைவரின் மாளிகை முன் கூட்டம் திரண்டது. நாடக அரங்குகளில் ஆட்டம் நின்று நாட்டுப்பண் எழுந்தது. பிக்கடில்லி, ஸ்டிராண்டு முதலிய பெருந்தெருக்களில் வண்டிகள் செல்ல வழியின்றி மக்கள் நிறைந்தனர். முன்பின் அறியாதவர் ஒருவரையொருவர் தழுவினர், கொடி அசைத்தனர், ஊதுகுழல் ஊதினர். மறுநாள் சனிக்கிழமையும் இவ் வாரவாரம் அடங்கவில்லை. அடக்கம் உடையவர் எனத் தம்மைத் தாமே எண்ணிவந்த ஒரு மக்களினத்தார்க்கு இக் காட்சி வியப்பாயிற்று. பழைய சொற்கள் இதனைக் குறிக்கப் போதா எனத் தோன்றியது.

திங்கட்கிழமை, மே 21ஆம் நாள், ‘பால்மால் கெசட்’ என்னும் இலண்டன் செய்தித்தாள் ‘மாஃபிக்’ என்னும் வினையை எழுத்தில் ஆண்டது. தான் ஒரு சொல்லை ஆக்குவதாகவும் உடன் கூறிக்கொண்டது. நிகழ்ச்சிக்கும் சொல்லுக்கும் இடையே கழிந்தவை மூன்று நாட்களே.

2. பிறந்த முறை

‘மாஃபெக்கிங்’ என்பது ஊரின் பெயர். ஆங்கிலேயரைப் பொறுத்தவரை அது பகாப்பதம். ஆயின் அதன் ஈற்றில் நின்ற ‘இங்’ என்னும் ஒலி, ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கும் நிகழ்கால எச்சத்துக்கும் உரிய விகுதியோடு ஒத்திருந்தது. ‘ஆடுதல், பாடுதல்’ போன்ற சொற்களை அம் மொழியில் ஆக்குவது இவ் விகுதியே. ஆகவே நகைச்சுவை கருதிய ஒருவர் இவ்வூர்ப்பெயரைப் பகுபதமாகக் கொண்டு, ‘இங்’ விகுதியென்றும் எஞ்சிய ‘மாஃபிக்’ பகுதியென்றும் பிரித்துவிட்டார். ‘மாஃபிக்கிங்’ என்பது ஒரு செயலாயின், அதனைச் செய்பவன் ‘மாஃபிக்கர்’ ஆவான். அச் செயலைச் செய்தான் என்னும் இறந்தகால வடிவமும் தானே அமையும். இவ்வாறு ஒரு வினையின் வாய்பாடு முழுவதும் ஓர் ஊர்ப்பெயரிலிருந்து கிளைத்தது.

இல்லாத பகுதியை இருப்பதாகக் கொண்டு பின்னோக்கிப் பிரித்து ஆக்கும் இம் முறையைப் பின்னாக்கம் என்று நாம் குறிக்கலாம். இதற்குரிய ஆங்கிலக் குறியீட்டை ஆக்கியவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே என்பர். பதிப்பாசிரியரைக் குறிக்கும் ‘எடிட்டர்’ என்னும் பெயர் முன்னரே இருந்தது. ‘எடிட்’ என்னும் வினை அதிலிருந்து பின்னர்ப் பிரிந்தது. கன்னமிடும் கள்வனைக் குறிக்கும் ‘பர்க்ளர்’ முந்தியது. ‘பர்க்கிள்’ என்னும் வினை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. பெயர் வினையிலிருந்து பிறந்ததுபோலத் தோன்றினும், உண்மையில் வினையே பெயரிலிருந்து பிறந்துள்ளது.

நம் சொல்லுக்கு இன்னும் நெருங்கிய ஒப்புமையும் உண்டு. குப்புற வீழ்ந்து பணிதலைக் குறிக்கும் ‘குரோவல்’ என்னும் ஆங்கில வினை அத்தகையது. ‘குரோவலிங்’ என்பது இடைக்கால ஆங்கிலத்தில் ‘குப்புற’ எனப் பொருள்படும் வினையடை; அதன் ஈற்றிலுள்ள ‘லிங்’ வேறொரு விகுதி. பிற்காலத்தார் அதனை ‘இங்’ விகுதி எனப் பிறழ உணர்ந்து ‘குரோவல்’ என்னும் வினையைப் பிரித்தனர். பக்கவாட்டில் ஒதுங்கி நடத்தலைக் குறிக்கும் ‘சைடில்’ என்பதும் அவ்வாறே. ஆயின் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. அவற்றைப் பிரித்தவர் அறியாது பிரித்தனர். மாஃபிக்கைப் பிரித்தவர் அறிந்தே பிரித்தார். ஒன்று மயக்கம்; மற்றொன்று விளையாட்டு. இவ் வேறுபாடே இச் சொற்களின் பிற்கால வாழ்வையும் வேறுபடுத்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

எழுத்து வடிவமும் ஒரு செய்தியைச் சொல்கின்றது. ஊர்ப்பெயரில் ‘எஃப்’ என்னும் எழுத்து ஒன்றே உண்டு. வினையிலோ அது இரட்டித்தது. ஈற்றில் ‘சி’, ‘கே’ என்னும் இரண்டெழுத்தும் சேர்ந்து வந்தன. போக்குவரத்தைக் குறிக்கும் ‘டிராஃபிக்’ என்னும் சொல் ‘இங்’ விகுதி பெறும்போது இவ்வாறே ‘எஃப்’ இரட்டித்தும் ‘கே’ சேர்ந்தும் எழுதப்படும். ஆகவே புதுச் சொல்லை எழுதியவர்க்கு அச் சொல்லின் வடிவம் வழிகாட்டியது எனக் கருதலாம். சாக்கி என்னும் புனைபெயர் கொண்ட எழுத்தாளர், 1904இல் வெளிவந்த ‘ரெஜினால்டு’ என்னும் தொகுதியில், இவ் விரு சொற்களையும் இயைபுத் தொடையாக அமைத்து எள்ளல் பாட்டொன்று புனைந்துள்ளார். வண்டிகளை மறித்து நிற்கும் கூட்டத்தைப் பாட இதனினும் பொருத்தமான இயைபு கிடைத்திராது.

3. ஊர்ப்பெயரின் உண்மைப் பகுப்பு

இதுவரை ஆங்கிலேயர் செய்த பகுப்பைக் கண்டோம். இனி அவ்வூர் மக்களின் மொழியில் அப் பெயர் எவ்வாறு அமைந்தது எனக் காண்போம். அம் மக்கள் பாரொலோங் எனப்படும் சுவானா இனத்தார், மொழி செட்சுவானா. அம் மொழியில் ‘லெஃபிகா’ என்பது கல் அல்லது பாறை. நாம் ‘கள்’ விகுதியை ஈற்றில் சேர்த்துக் ‘கற்கள்’ என்போம். அவர்கள் முன்னொட்டை மாற்றி ‘மாஃபிகா’ என்பர். இடப்பொருளைக் காட்ட ஈற்றில் ஓர் உருபு சேரும். நம் ஏழாம் வேற்றுமை உருபை ஒத்த அவ்வுருபு சேர்ந்தவுடன் ‘மாஃபிகா’ என்பது ‘மாஃபிகெங்’ ஆகும். ‘கற்களிடத்து’ என்பது பொருள். ஊரின் உண்மைப் பெயர் இதுவே. ஆங்கிலேயர் செவிக்கும் எழுத்துக்கும் அது ‘மாஃபெக்கிங்’ ஆயிற்று.

இங்கு வியப்பானதொரு பொருத்தத்தைக் காண்கின்றோம். நகை விளைக்கக் கருதி ஆங்கிலேயர் வெட்டிய இடமும், செட்சுவானா இலக்கணப்படி அச் சொல் பிரியும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே இடவுருபு, இங்கே தொழிற்பெயர் விகுதி. இரண்டிற்கும் ஒலியொப்புமை தவிர வேறு உறவில்லை. விகுதி பிறிதாகவும், பிரிந்த பகுதி மட்டும் பிழையின்றி நின்றது. இலண்டன் தெருவில் ‘மாஃபிக்’ செய்தவன் தான் அறியாமலே ‘கற்கள்’ என்னும் ஆப்பிரிக்கச் சொல்லை வினையாக வழங்கினான். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு இரு மொழிக்கு உறவு கூற முனைவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கையும் ஆகும். வடிவு, பகுக்கும் இடம் ஆகிய இரண்டும் ஒத்தும், பொருளிலும் பிறப்பிலும் உறவில்லாமை இங்கே ஐயமின்றித் தெரிகின்றது.

ஊர்ப்பெயர் பொதுப்பெயராதல் எங்கும் உண்டு. கோழிக்கோட்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து பருத்தித் துணியைக் குறிக்கும் ‘காலிக்கோ’ வந்தது. நம் இடவாகுபெயரோடு இதனை ஒப்பிடலாம். ஊர்ப்பெயர் வினையாதலோ அரிது. கான்டர்பரிக்குச் செல்லும் அடியார்களின் குதிரை நடையினின்று ‘கான்டர்’ என்னும் வினை தோன்றியது. கப்பல் வேலைக்கு ஆளை வலிந்து கடத்துதலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மாலுமிகள் ‘ஷாங்காய்’ செய்தல் என்றனர். இந் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் வேலை இந்தியாவுக்குப் பெயர்ந்தமையால் அதனை இழந்த அமெரிக்கர், பெங்களூரின் பெயரையே வினையாக்கித் தம் இழப்பைக் குறித்தனர். இவற்றுள் ஒன்றை நோக்குக: ஷாங்காயில் வாழ்ந்தவரோ பெங்களூரில் வாழ்ந்தவரோ இச் சொற்களை ஆக்கவில்லை. தொலைவிலிருந்தவர், தமக்கு நேர்ந்ததை, தாம் காணாத ஊரின் பெயரால் குறித்தனர். மாஃபிக்கும் அவ்வினத்ததே. அது மாஃபெக்கிங்கில் நிகழ்ந்ததைக் குறிப்பதன்று. இலண்டனில் நிகழ்ந்ததைக் குறிப்பது.

4. பொருள் மாற்றமும் மறைவும்

முதல் நாட்களில் இச் சொல் விளையாட்டாகவே வழங்கியது. மிக விரைவில் அதில் இகழ்ச்சி ஏறியது. போரை எதிர்த்த எழுத்தாளர்கள் இவ் வாரவாரத்தைக் கண்டு அஞ்சினர். ஜே. ஏ. ஹாப்சன் 1901இல் வெளியிட்ட ‘ஜிங்கோயிசத்தின் உளவியல்’ என்னும் நூல், கூட்டத்தின் போர்வெறியை ஆராய்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில், போரை எதிர்த்துப் பேச பர்மிங்காம் சென்ற லாயிட் ஜார்ஜ், அரங்கைச் சூழ்ந்த கூட்டத்திற்குத் தப்பக் காவலர் உடை அணிந்து வெளியேற நேர்ந்தது. களிக்கும் கூட்டத்திற்கும் கல்லெறியும் கூட்டத்திற்கும் தொலைவு மிகுதியன்று என்று உணர்ந்தோர் ‘மாஃபிக்’ என்பதனை வசைச் சொல்லாகவே கொண்டனர். தெருவில் திரண்டோர் தொழிலாளரே என்னும் எண்ணமும் நெடுநாள் நிலவியது. 1972இல் ரிச்சர்டு பிரைஸ் என்னும் வரலாற்றறிஞர் அதனை மறுத்து, எழுத்தர் முதலிய இடைநிலை வகுப்பினரின் பங்கே மிகுதி என எடுத்துக்காட்டினார்.

தமிழில் இச் சொல்லை எவ்வாறு பெயர்ப்பது? ‘ஆர்ப்பு’ என்பது வெற்றிக் களத்தில் வென்றோர் எழுப்பும் ஒலி; அதில் இகழ்ச்சி இல்லை. ‘கும்மாளம்’ களிப்பைக் குறிக்கும். நாட்டுவெற்றியோடு அதற்கு இயைபில்லை. ‘அமளி’ குழப்பத்தைக் குறிக்கும். மகிழ்ச்சி அதற்கு வேண்டுவதன்று. போர்க்களம் காணாதவர், பிறர் பெற்ற வெற்றியைத் தம்மதாகக் கொண்டு, வீட்டருகே நின்று செய்யும் ஆர்ப்பு என விரித்துரைத்தாலன்றி இதன் பொருள் முற்றுப்பெறாது.

இச் சொல் ஏன் நிலைக்கவில்லை? மூலம் விளங்காமையே காரணம் எனச் சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. ‘ஹூலிகன்’ என்னும் சொல் இதற்கு இரண்டாண்டு முன்னர், 1898ஆம் ஆண்டுக் கோடையில், இலண்டன் காவல் வழக்குச் செய்திகளில் பரவியது. அதன் மூலமும் இன்று பேசுவோர்க்குப் புலப்படுவதில்லை. எனினும் அது உலக மொழிகள் பலவற்றில் புகுந்துவிட்டது. தமிழிலும் ‘ரவுடி’ என்னும் ஆங்கிலச் சொல்லை மூலம் அறியாதார் யாவரும் வழங்குகின்றனர். ஆகவே மூலம் மறைவது சொல்லுக்குக் கேடன்று.

உண்மைக் காரணங்கள் இரண்டு எனக் கருதுகின்றோம். முதலாவது, ஹூலிகன் குறிக்கும் ஆள் எந் நகரிலும் எந் நாளிலும் உளன். மாஃபிக் குறிக்கும் நிகழ்ச்சியோ பேரரசின் தொலைதூரப் போர்களைச் சார்ந்தது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போரில் வீடுதோறும் இழப்பு நேர்ந்தபின், தொலைவில் நிகழும் போரைத் திருவிழாவாகக் கொண்டாடும் மனநிலை குன்றியது. 1918 நவம்பர் 11இல் போர் ஓய்ந்த செய்தி கேட்டு மக்கள் தெருவில் ஆடியபோது, மூத்தோர் மாஃபெக்கிங் இரவை நினைவுகூர்ந்தனர். ஆனால் அந் நினைவு இளையோர்க்கு உரியதாக இல்லை. இரண்டாவது, இச் சொல் ஒரு சிலேடை. ஊர்ப்பெயர் செவியில் இருக்குமளவும் சிலேடை நிற்கும். ஊர் மறந்தால் நகையும் மறையும். ‘குரோவல்’ என்பதில் சிலேடை இல்லாமையின், மூலம் மறந்த பின்னும் அது வாழ்கின்றது. மேலே மயக்கம் என்றும் விளையாட்டு என்றும் பிரித்துரைத்ததன் பயன் இதுவே. மயக்கத்தால் பிறந்த சொல் வேரூன்றியது. விளையாட்டால் பிறந்த சொல் விளையாட்டு முடிந்ததும் நின்றது.

ஊரின் பெயரும் பின்னர்த் தன் பழைய வடிவுக்குத் திரும்பியது. 1980இல் ‘மாஃபிகெங்’ என்றும், 2010இல் அவ்வட்டார ஒலிப்புக்கு இயைய ‘மாஹிகெங்’ என்றும் அது மாற்றப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாநிலத்திற்கு இன்று அதுவே தலைநகர். நிலப்படத்தில் இன்று அப் பெயரைக் காண்பவர்க்கு ஆங்கில விகுதியின் நிழலும் தோன்றாது.

5. சொல் கூறாதது

முற்றுகைக் காலத்தில் அவ்வூரில் இருந்த வெள்ளையர் ஏறத்தாழ 1,700 பேர். ஆப்பிரிக்கர் 7,000க்கு மேற்பட்டோர். உணவுப் பங்கீடு இரு திறத்தார்க்கும் ஒன்றாக இல்லை. வெள்ளையர்க்கெனத் தானியம் ஒதுக்கப்பட்டது. ஆப்பிரிக்கர்க்கோ குதிரை இறைச்சிச் சாறும் ஓட்ஸ் உமியிலிருந்து காய்ச்சிய கூழும் விலைக்கு அளிக்கப்பட்டன. விலை கொடுக்க இயலாதோரும் பிற இடங்களிலிருந்து வந்து அகப்பட்ட ஏதிலிகளும் பசியால் மடிந்தனர். 1900 மே 12இல் போயர் படையினர் ஊருக்குள் புகுந்தபோது, அவர்களை வளைத்துப் பிடிப்பதில் பாரொலோங் மக்கள் பெரும்பங்கு கொண்டனர். இவையெல்லாம் அந் நாளைய இலண்டன் ஆரவாரத்தில் கேட்கப்படவில்லை. தாமஸ் பாக்கன்ஹாம் 1979இல் வெளியிட்ட போர் வரலாறு இவற்றைப் பலரும் அறியச் செய்தது.

அதற்கு முன்னரே ஊருக்குள்ளிருந்து ஒரு சான்று எழுதப்பட்டிருந்தது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த 23 வயது இளைஞர் சால் பிளாட்ஜி, 1899 அக்டோபர் இறுதியிலிருந்து 1900 மார்ச் இறுதி வரை, ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார். இடையிடையே செட்சுவானா முதலிய மொழிகளின் சொற்களும் அதில் விரவி வரும். இவரே பின்னர், 1912இல் தோன்றி ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசாக வளர்ந்த அமைப்பின் முதற் பொதுச் செயலாளர் ஆனார்; செட்சுவானாப் பழமொழிகளைத் தொகுத்து 1916இல் வெளியிட்டார்; அதே ஆண்டு ஒலியியலறிஞர் டேனியல் ஜோன்சுடன் சேர்ந்து தம் மொழிக்கு ஒலிக்குறியீட்டு வாசகம் ஆக்கினார்; ஷேக்ஸ்பியர் நாடகத்தைத் தம் மொழியில் பெயர்த்தார். ‘மாஃபிகெங்’ என்னும் சொல்லை எவ்விடத்தில் பிரிக்க வேண்டும் என்று ஐயமறச் சொல்ல வல்லவர் ஒருவர், அச் சொல்லைப் பிறர் வேடிக்கைக்காகப் பிரித்த காலத்தில், அவ்வூரிலேயே இருந்தார். அவர்தம் நாட்குறிப்பு 1973இல்தான் அச்சேறியது. வேடிக்கைச் சொல் மூன்று நாளில் அச்சேறியது; உள்ளிருந்தவர் சொல் அச்சேற எழுபதாண்டுக்கு மேலாயிற்று.

சொல் வரலாறு எழுதுவோர் இதனின்று இரண்டு கடமைகளை உணர்தல் வேண்டும். ஒரு சொல் முதலில் எழுத்தில் ஆளப்பட்ட நாளைக் குறித்தல் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி ஆட்சி நூல்களைச் சுட்டுகின்றது, வட்டார வழக்கையும் பேச்சு வழக்கையும் குறித்துக் காட்டுகின்றது, ஆண்டு தருவதில்லை. தெருவிலும் செய்தித்தாளிலும் மேடையிலும் பிறக்கும் தமிழ்ச் சொற்களை ஆண்டோடு பதிந்துவைத்தால், மாஃபிக்கின் வரலாற்றை இங்கே உரைத்தவாறு அவற்றின் வரலாற்றையும் பின்வருவோர் உரைக்க இயலும். கொச்சை என ஒதுக்கிய சொல் மறைந்த பின்னர் அதனை மீட்டெடுக்கும் வழி இல்லை.

மற்றொரு கடமை, சொல்லை ஆக்கியவர் யார், ஆக்கப்பட்டதில் இடம்பெறாதவர் யார் என வினவுதல். அகராதி, வழக்கில் உள்ள பொருளையே தரும்; அது அதன் எல்லை. அவ்வெல்லைக்கு அப்பால், சொல் எவருடைய வாயில் பிறந்தது, எவருடைய பெயரைக் கொண்டு பிறந்தது என்று காண்பது ஆராய்ச்சியாளர் பணி. மாஃபிக் என்னும் சொல் இலண்டன் மக்களின் களிப்பைச் சொல்லும். தன் பகுதியாக நின்ற கற்களையும், அக் கற்களிடையே வாழ்ந்தவரையும் சொல்லாது. அவற்றை அச் சொல்லோடு சேர்த்து எழுதும்போதே அதன் வரலாறு நிறைவுறும்.